செய்து பார்த்தவர்: மாரியம்மாள்

"இங்க மாரியம்மான்னு யாரு?"

பூச்சிமருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயரைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்று கேட்டார் அவர். காலை பத்து மணி இருக்கும். தை மாதக் கடைசி. கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த ஸ்பிரேயர் பட்டறையின் முன்னறையில் நானும் கம்ப்யூட்டரும் மட்டும் இருந்தோம். உள்ளே வெல்டிங் சத்தம். பின்பக்கக் குழாயடியில் மாரியம்மாள் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். செருப்பின் ஓரத்தில் கரிசல் மண் அப்பிக் காய்ந்திருந்தது. சட்டைப்பையில் நான்காக மடித்த மஞ்சள் தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. அந்தத் தாளை எனக்குத் தெரியும். நான் எழுதியது. ஸ்பிரேயர் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் மிசினோடு சேர்த்துக் கொடுக்கிற செய்முறைத் தாள்.

ஒருவர் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார், அதன் அடியில் அச்சடித்த பேரைப் படித்துவிட்டு ஆளைத் தேடி வந்திருக்கிறார் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மாரியம்மா, உன்னத் தேடி ஆளு வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளைத் தேடி அந்தப் பட்டறைக்கு அதுவரை யாரும் வந்தது கிடையாது. வெட்கமும் சிரிப்புமாக நின்றாள்.

"நான்தான் அண்ணாச்சி."

அவர் மிசினைத் தரையில் வைத்தார். ஸ்டார்ட் செய்கிற கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு ஒரு விரல் நீளம்கூட வெளியே வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது மிசினே கயிற்றோடு நகர்ந்து வந்தது.

"நீதான் இத செஞ்சு பாத்தியா தாயி?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

மிசினுக்கு எழுதுகிறவள்

போன வாரம் எங்கள் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை எழுதியிருந்தேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததை நம்ப முடியவில்லை என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, வைத்தோம். கீபோர்டுக்குள் குங்குமம் கொட்டி, ஒரு வாரத்துக்கு இரண்டு எழுத்துகள் விழவே இல்லை.

இன்னொரு வாசகி, "அப்போது உங்கள் வேலைக்கு என்ன பேர்?" என்று கேட்டிருக்கிறார். பேரே கிடையாது. என் அம்மா, "ஸ்டெல்லா மிசினுக்கு எழுதுதா" என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அப்பா, "மிசினுக்கு என்னத்த எழுதணும்? அது படிக்கவா போகுது?" என்று கேட்டுவிட்டு, வாழைக்காய் பஜ்ஜியை முடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சம்பந்தம் கூடவில்லை. பஜ்ஜி நன்றாக இருந்தது.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, லெட்டர் டைப் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தேன். ஸ்பிரேயருக்கான இன்ஜின் வெளியூரிலிருந்து வரும். தொட்டியும் குழாயும் சட்டமும் எங்கள் பட்டறையில் தயாராகும். இன்ஜினோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் வரும். ஒருநாள் முதலாளி அதை என் மேசையில் போட்டு, "இத நம்ம சனங்களுக்குப் புரியுத மாதிரி எழுதிக் குடும்மா" என்றார்.

நானும் எழுதினேன். "எரிபொருள் கலனின் மூடியை அகற்றுக." வெல்டர் படித்துவிட்டு, "எக்கா, கலன்னா டேங்கா?" என்று கேட்டார். டேங்க்தான் என்றேன். "அப்ப டேங்குன்னே போட வேண்டியதுதான? கலனைத் தேடி அவன் எங்க போவான்?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு. இன்னும் முடிந்தபாடில்லை.

செய்முறை மடல்

கயத்தாற்றுக்காரர் சேவியர் சார். ஒரு பாலிடெக்னிக்கில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அவர் மச்சினன் வாங்கிய ஸ்பிரேயரின் தாளைச் சிவப்பு மையால் திருத்தி, பஸ் ஏறிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "ஆறு எடத்துல மூச்சு வாங்குதும்மா" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் போன பிறகு படித்துப் பார்த்தால் ஏழு இடம் இருந்தது.

இப்படி எழுதிக்கொண்டு தனித்தனியாக மாரடிக்கிறவர்கள் சுற்று வட்டாரத்தில் எத்தனை பேர் என்று விசாரித்தோம். சாத்தூரில் தீப்பெட்டி மிசினுக்குத் தாள் எழுதுகிற ஒருவர் கிடைத்தார். சிவகாசி அச்சகங்களில் நாலைந்து பேர். மதுரையில் மோட்டார் ஸ்டார்ட்டர் கம்பெனியில் ஒரு பெண். அப்புறம் சேவியர் சாரின் மாணவர்கள். எல்லோருக்குமாக, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, நாலு பக்கத்தில் 'செய்முறை மடல்' என்று ஒன்று ஆரம்பித்தோம்.

அதில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். எந்த ஊரில் என்ன வேலை காலி. எந்தக் கம்பெனியின் தமிழ் எழுத்துரு எதில் திறக்கும், எதில் திறந்தால் கொக்கி கொக்கியாக வரும். 'வால்வு' என்று போடலாமா, 'அடைப்பிதழ்' என்று போடலாமா என்று மூன்று இதழுக்கு ஓடிய சண்டை. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை. மாணவர் கேள்வி பதில்.

"கையேடு எழுதுவதற்கு என்ன கோர்ஸ் படிக்க வேண்டும்?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். "வீட்டில் மிக்ஸியோடு வந்த தாளை எடுத்துப் படி. புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடு. புரிகிற மாதிரி அதை நீ எழுது. எங்களுக்கு அனுப்பு" என்று சேவியர் சார் பதில் போட்டார். அனுப்பினாள். இன்று பெங்களூரில் பெரிய இடத்தில் இருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா போனோம். கோட்டையைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்து, மதுரைப் பெண் கொண்டுவந்த புதுக் கேமராவின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பிலிம் போடுகிற படி நான்காவதா ஐந்தாவதா என்று அடித்துக்கொண்டார்கள். கடைசிவரை ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

கைகட்டிச் சோதனை

மடலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கைகட்டிச் சோதனைதான். அது எங்கள் பட்டறையில் பிறந்தது.

எழுதி முடித்த தாளை, அந்த மிசினைத் தெரியாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் முன்னால் மிசின் இருக்கும். எழுதியவர் எதிரே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பேசக்கூடாது, சுட்டிக்காட்டக்கூடாது, புருவத்தைக்கூட அசைக்கக்கூடாது. படிக்கிறவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரி தப்பு. அவ்வளவுதான் சோதனை. நாலு தடவை செய்து பாருங்கள், நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

முதலில் வெல்டரிடம் கொடுத்தேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இது எனக்குத் தெரியாதாக்கும்?" என்று மளமளவென்று செய்துவிட்டார். பிறகுதான் மாரியம்மாளைக் கூப்பிட்டேன். கூட்டிப் பெருக்கவும் டீ வாங்கி வரவும் சேர்ந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். எட்டாவது வரை படித்தவள். விரலை வரிக்கு அடியில் வைத்து மெதுவாகப் படிப்பாள்.

முதல் நாளே ஆறாவது வரியில் நின்றுவிட்டாள். "கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருகவும்னு போட்டிருக்குக்கா. எங்க வீட்ல கடிகாரம் கெடையாதே, நான் என்ன செய்ய?" வாய் திறக்கக் கூடாது என்ற விதியை மீறிச் சிரித்தேன். அந்த வரியை மாற்றி எழுதினேன்.

சேவியர் சார்தான், "அந்தப் பிள்ள பேரப் போடணும்மா" என்றார். தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தோம். 'செய்து பார்த்தவர்: மாரியம்மாள்.' பேர் வந்த முதல் தாளை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள், "எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ படிச்சாருக்கா" என்றாள்.

அதன் பிறகு ஆறு வருஷம். புது மாடல் ஒவ்வொன்றின் தாளையும் அவள்தான் செய்து பார்த்தாள். மடலில் இதைப் பற்றி எழுதினேன். "நல்ல ஓர் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று யோசனையும் சொன்னேன். சாத்தூர்க்காரரும் மதுரைப் பெண்ணும் அப்படியே ஆள் பிடித்தார்கள், பேர் போட்டார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதுகிறவர்களின் கூட்டம் ஒன்று நடக்கும். அவர்கள் காதுக்கும் போய்விட்டது. வந்து பேசுங்கள், வேலை விஷயமாகவும் பேசலாம் என்று கடிதம் போட்டார்கள்.

அந்தக் கடிதம், அந்த மனிதர் ஸ்பிரேயரோடு வந்து நின்ற அன்று, என் கைப்பையில் இருந்தது. அடுத்த மடலின் முதல் பக்கமும் அச்சடித்தாகிவிட்டது. மாரியம்மாளின் போட்டோ. கீழே, 'ஆறு வருஷம், ஒரு தாளும் தவறவில்லை.' நான் வைத்த தலைப்பு.

"நான் கலந்தேனே"

அவர் பேர் பெருமாள்சாமி. ஊர் எப்போதும்வென்றான். நாலு ஏக்கரில் மானாவாரிப் பருத்தி. காய்ப்புழு விழுந்திருந்தது. மருந்தடிப்பதற்காகப் புதுமிசின் வாங்கியிருக்கிறார். அரை ஏக்கர்கூட அடித்திருக்க மாட்டார், இன்ஜின் கத்தி நின்றுவிட்டது. இன்னும் நாலைந்து நாளில் அடிக்காவிட்டால் அந்த வருஷத்துக்கு வீட்டில் பருத்தி இல்லை.

உள்ளேயிருந்து மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தார். "பிஸ்டன் புடிச்சிருக்கு. ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல ஊத்தியிருக்காரு" என்றார்.

அந்த இன்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலக்காவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே சூடேறி இறுகிவிடும்.

"கலக்கணும்னு தாள்ல எங்கன இருக்கு?" என்றார் பெருமாள்சாமி.

"இருக்குமே அண்ணாச்சி" என்று மாரியம்மாள் தாளை வாங்கினாள். விரலை வைத்து முதல் வரியிலிருந்து படித்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன். ஏழாவது படி: பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றவும். எட்டாவது படி: பெட்ரோல் ஊற்றி மூடியை இறுக்கவும். ஒன்பதாவது படி: கயிற்றை இழுக்கவும்.

ஆயில் இல்லை.

பழைய மாடலின் தாள் இரண்டு பக்கம். இது ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அங்கே இங்கே வெட்டி, இரண்டு படிகளை ஒன்றாக்கி, ஒரு பக்கத்தில் அடைத்தேன். அப்போது ஆயில் வரியை நான் வெட்டிவிட்டிருக்கிறேன்.

மாரியம்மாள் கடைசி வரிவரை போய்விட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நான் கலந்தேனேக்கா" என்றாள்.

கலந்தாள். எனக்கும் ஞாபகம் இருந்தது. சோதனை அன்று, அலமாரியில் எப்போதும் இருக்கிற ஆயில் பாட்டிலை எடுத்து, அளந்து, பெட்ரோல் கேனில் விட்டு, குலுக்கி, பிறகுதான் டேங்கில் ஊற்றினாள். நான் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அழகாகச் செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்ன அண்ணாச்சி, இந்த மாதிரி இன்ஜினுக்கு ஆயில் கலக்கணும்னு யாருக்குத்தான் தெரியாது?" என்றார்.

"எனக்குத் தெரியாது மொதலாளி. எங்கிட்ட இருக்கது சைக்கிளு. பெட்ரோல் பங்குல அந்த ஆளு கேட்டாரு, ஆயில் விடவான்னு. நான் தாள எடுத்துப் பாத்தேன். தாள்ல இல்ல. அவரு வியாபாரத்துக்குச் சொல்லுதாருன்னு நெனச்சு, வேண்டாம்னுட்டேன்."

முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது யாரு பாத்த வேல?"

அந்த இடத்தில் நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "மாரியம்மா கவனிச்சுச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

வார்த்தை தானாக வந்தது என்று சொல்ல மாட்டேன். கைப்பையில் இருந்த கடிதம் நினைவுக்கு வந்தது, பிறகுதான் வார்த்தை வந்தது.

"ஆமா மொதலாளி. நான் கவனிக்கல" என்றாள் மாரியம்மாள்.

எப்போதும்வென்றான் பஸ்

முதலாளியைக் குறை சொல்ல முடியாது. கட்டி வைத்திருந்த மிசின்களில் ஒன்றைப் பிரித்துத் தானே ஓட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாள் போன கடைகளுக்கெல்லாம் போன் போட உட்கார்ந்தார். கயத்தாற்றுக் கடைக்குச் சேவியர் சாரை ஓடச் சொன்னோம். அங்கே நாலு மிசின் பெட்டியோடு அப்படியே இருந்தது. நாலு தாளையும் அவர் உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போயி, கூட நின்னு ஓட்டிக் குடுத்துட்டு வாங்க" என்று முதலாளி எங்களை அனுப்பினார். பெருமாள்சாமியோடு தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினோம். மிசினை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

கரிசல் அப்போதுதான் வெடிக்க ஆரம்பித்திருந்தது. பருத்திக் காய்களில் குண்டூசி நுழைகிற மாதிரி ஓட்டைகள். பெருமாள்சாமியின் மனைவி ஒரு காயைப் பிட்டு உள்ளே இருந்த புழுவை எனக்குக் காட்டினார். கணவனும் மனைவியும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை. என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கத் தெலுங்கு தெரிய வேண்டியதில்லை.

மாரியம்மாள் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து ஆயிலை அளந்து கலந்தாள். "நல்லாப் பாத்துக்கோங்க அண்ணாச்சி. இந்த மூடியில இந்தக் கோடு வரைக்கும். இத மறந்துராதீங்க." அவர் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிசினை முதுகில் மாட்டினார். வெயில் தாழ்கிற வரைக்கும் அடித்தார். நானும் மாரியம்மாளும் தண்ணீர் சுமந்தோம்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"அக்கா, இனிமே தாள்ல என் பேரு போட வேண்டாம்" என்றாள்.

"மொதலாளி ஏதும் சொன்னாரா?"

"அவரு சொன்னாரு, இனிமே நான் பேக்கிங்குக்குப் போகணுமாம். அதுக்குச் சொல்லல. நான் தாளப் படிக்கவே இல்லக்கா. வாயிதான் படிச்சிச்சு. கையி அதுபாட்டுக்கு வேலையப் பாத்துச்சு. எனக்குத்தான் எல்லா மிசினும் தெரிஞ்சு போச்சே. தெரிஞ்சவ செஞ்சு பாத்தா, தெரியாதவுகளுக்கு என்ன பிரயோசனம்?"

"எப்ப இருந்து?"

"மூணு நாலு வருசமாவே."

"ஏன் மாரியம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேற ஆளப் போட்டுருவீங்கள்ல?"

வெல்டரை எதற்காக வேண்டாம் என்றேனோ, அதே காரணம் மாரியம்மாளுக்கும் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. அவள் எந்த வரியிலும் நிற்காததை என் எழுத்தின் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகமே தெரியவில்லை.

"மொதலாளிகிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"பஸ்ஸு வருதுக்கா" என்றாள்.

முதல் பக்கம்

மறுநாள் சேவியர் சாரைப் பார்க்கப் போனேன். அச்சடித்த முதல் பக்கங்கள் அவர் வீட்டு மேசையில் கட்டாக இருந்தன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும் என்றேன்.

"ஆயிலு விட்டுப் போனத கடைசிப் பக்கத்துல சின்னதாப் போட்டாப் போதாதா? சென்னைக்காரங்களும் பாப்பாங்களே" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார்.

"சார், ஆயில் விட்டுப் போனது ஒரு தாளுக்கு. நல்ல ஆளாப் பாத்துப் பிடிச்சு வச்சுக்கோங்கன்னு நான் சொன்னது எல்லாருக்கும். அவங்களும் ஒரே ஆளத்தான வச்சிருக்காங்க?"

அவர் மேசையில் இருந்த கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "எழுது" என்றார்.

எழுதினேன். தாளைச் சுருக்கும்போது வரியை வெட்டியது நான். வருஷக்கணக்காக ஒரே ஆளை வைத்துச் சோதித்தது நான். முதலாளி கேட்டபோது பழியைச் செய்து பார்த்தவர் மேல் போட்டதும் நான். மூன்றாவதைப் போட வேண்டுமா என்று சேவியர் சார் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். வெட்டவில்லை.

மாரியம்மாளின் போட்டோவை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ஒரே வரி: ஒருவரை ஒரு தடவைக்கு மேல் சோதனைக்கு உட்கார வைக்காதீர்கள்.

சாத்தூர்க்காரரிடமிருந்து கார்டு வந்தது. ஐந்து வருஷமாகத் தன் மனைவியை வைத்துத்தான் சோதித்து வருகிறாராம். அந்தம்மாள் தீப்பெட்டி மிசினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவாராம். "இப்போது வேறு ஆள் தேட வேண்டும், வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். மதுரைப் பெண் தன் தாள்களையெல்லாம் புது ஆள்களிடம் கொடுத்துப் பார்த்து, மூன்றைத் திரும்ப வாங்கினாள்.

சென்னைக்கும் அந்த மடல் போனது. பதில் வரவில்லை. அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன்.

பெருமாள்சாமி பங்குனியில் ஒரு தடவை மிசினுக்கு வாஷர் வாங்க வந்தார். மேல்பக்கத்து இரண்டு ஏக்கர் தப்பிவிட்டது. கீழ்ப்பக்கம் போய்விட்டது. வந்தவர் உட்காரவில்லை.

பேக்கிங் அறையில்

திருத்திய தாளை முதல் தடவையாகப் பஸ் நிலையத்தில் பூ விற்கிற ஓர் அம்மாளை அழைத்து வந்து சோதித்தேன். நாலு இடத்தில் நின்றார். நாலையும் மாற்றினேன். அடுத்தது பேன்சிக் கடைக்காரர். அவர் இரண்டு இடத்தில் நின்றார்.

கடைசியாக அச்சுக்குக் கொடுக்கும்போது அடியில் இரண்டு வரி சேர்த்தேன். பூக்கார அம்மாள், பேன்சிக் கடைக்காரர் பேர்கள் ஒன்றில். அதற்கு மேலே இன்னொரு வரி. 'எழுதியவர்: ஸ்டெல்லா.' ஆறு வருஷத்தில் ஒரு தாளிலும் அந்த வரி இருந்ததில்லை. பெரிய மனசோடு அவள் பேரைப் போட்டதாக நான் நினைத்திருந்தேன். குறை என்று தேடி வந்த மனிதருக்குத் தாளில் கிடைத்தது ஒரே ஒரு பேர்தான்.

தாள் வந்ததும் பேக்கிங் அறைக்குக் கொண்டுபோனேன். மாரியம்மாள் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலை வைத்து மேலிருந்து படித்தாள். ஆயில் வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடிவரைக்கும் போனாள். என் பேருக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"உங்க பேரா?"

"ஆமா."

"இந்தத் தாளு எத்தன வீட்டுக்குப் போகுதுக்கா?"

"மிசின் போற வீட்டுக்கெல்லாம் போகும்."

தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். உண்மையாகவே இருந்தது. ராத்திரி தூக்கத்தில்கூட வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஆறு வருசமா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியை இழுத்தாள்.